போக்குவரத்து தனி

ஷிஹாரா எப்போதும் விலையை இரண்டு வரியில்தான் சொல்வாள். படம் பிடிக்க இவ்வளவு. போக்குவரத்து தனி, அதற்கு இவ்வளவு. முதல் வரிக்கு யாரும் பெரிதாகப் பேரம் பேசுவதில்லை. இரண்டாவது வரியைக் கேட்டதும்தான் முகம் மாறும்.

"ஓட்டோவா படம் புடிக்கிற?" என்று பாலாவியில் ஒரு தாய் கேட்டாள்.

அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஷிஹாராவும் சேர்ந்து சிரித்தாள். அந்தக் கலியாணம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் திரை கட்டியிருக்கும். அதற்குள் ஆண்கள் வரமுடியாது. யாரும் ஃபோனில் படம் எடுத்துவிடக் கூடாது என்று வாசலிலேயே ஒரு மாமியை உட்கார வைத்திருப்பார்கள். உள்ளே கெமராவோடு போகிறவள், கற்பிட்டிப் பக்கத்தில், ஷிஹாரா ஒருத்திதான். ஆண்கள் பக்கத்துக்குப் புத்தளம் டவுனில் இருந்து ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் வருவான். பையை முதுகில் போட்டுக்கொண்டு வந்து, சாப்பிட்டு, இருட்டிய பிறகும் தனியாகத் திரும்பிப் போவான். அவன் போக்குவரத்துக்கு ஒரு சதமும் கேட்பதில்லை. அதைத்தான் எல்லாரும் அவளுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

அவளால் அப்படிப் போக முடியாது. கணவன் ஃபஸ்லான் தோஹாவில் ஒரு கடையின் சாமான் அறையில் வேலை செய்கிறான். கெமரா வாங்க அவன்தான் காசு அனுப்பினான். ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான்: வெளியூர் போவதானால் மஹ்ரமான ஆளோடு போக வேண்டும், அதாவது தகப்பன், சகோதரன், சாச்சா போல, கலியாணம் முடிக்க ஆகாத உறவில் உள்ள ஒருவரோடு. அது ஷிஹாராவுக்கும் சரியென்றே பட்டது. அவளுக்கு வாப்பா இல்லை. நானா என்று கூப்பிடக் கூடப் பிறந்த அண்ணனும் இல்லை. இருந்தது வாப்பாவின் தம்பி பதியுதீன் சாச்சாவும் அவருடைய ஓட்டோவும்தான்.

சாச்சா காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறவர். அவளோடு ஒரு கலியாணத்துக்கு வந்தால் அந்த நாள் முழுதும் போய்விடும். பந்தலுக்கு வெளியே ஓட்டோவுக்குள் காலை நீட்டிப் படுத்துக் கிடப்பார். அவராகக் கூலி கேட்க மாட்டார். ஆனால் பெற்றோல் விற்கிற விலையில் கொடுக்காமல் இருக்க முடியுமா? போக்குவரத்து என்று அவள் வாங்குவது அப்படியே சாச்சாவின் கைக்குப் போய்விடும். வாங்கிப் பேர் கெடுவது மட்டும் அவள்.

ஒருமுறை இரண்டையும் கூட்டி ஒரே விலையாகச் சொல்லிப் பார்த்தாள். அப்போது பக்கத்துத் தெருக்காரர்கள் கோபித்தார்கள். நாங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம், எங்களுக்கும் இந்த விலையா என்றார்கள். மறுபடியும் பிரித்துச் சொல்லத் தொடங்கினாள். தூரத்துக் கலியாணங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

நோன்புக்கு முன்னால் ஃபஸ்லான் பேசும்போது, காசும் வரவில்லை, ஊர் ஊராகப் போகிறாள் என்ற கதைதான் மிச்சம், பெருநாள் வரைக்கும் பார்ப்போம், அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால் கெமராவை விற்றுவிடுவோம் என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். ஷிஹாரா நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவள். கெமராவைக் கண்ணில் வைத்திருக்கும்போது மட்டும் அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. கொஞ்சம் தலையைச் சரியுங்கள், தாவணியை எடுங்கள் என்று அவள் சொன்னால் ஊரில் பெரிய வீட்டுப் பெண்களும் அப்படியே செய்வார்கள். அது இல்லாமல் போய்விடும் என்பதுதான் அவளுக்குப் பயம்.

அந்த நேரத்தில்தான் நுரைச்சோலையில் இருந்து றஹ்மத் உம்மா வந்தாள்.

ஒரு காலத்தில் அவள் கற்பிட்டியில் ஷிஹாராவின் வீட்டுக்கு அடுத்த வீடு. பிறகு நுரைச்சோலையில் காணி எடுத்து வெங்காயம், மிளகாய் செய்து நன்றாக வந்துவிட்டார்கள். மகன் ரிஃபாஸ் இரண்டு வேன் வைத்து, மின் நிலையத்துக்கு வேலையாட்களை ஏற்றுகிறான். இப்போது கடைசி மகளுக்குக் கலியாணம். முதல் நாள் நுரைச்சோலையில் நிக்காஹ். இரண்டாம் நாள் மாப்பிள்ளை வீட்டில் வலீமா விருந்து. மாப்பிள்ளை வீடு எலுவன்குளத்தில், புத்தளத்தையும் தாண்டிக் காட்டோரத்தில் இருக்கிறது.

ஷிஹாரா இரண்டு வரி விலையையும் சொன்னாள். எலுவன்குளம் என்பதால் இரண்டாவது வரி முதல் வரிக்குக் கிட்ட வந்துவிட்டது. சொல்லும்போதே அவளுக்குக் குரல் இறங்கிப் போனது.

றஹ்மத் உம்மா சிரிக்கவில்லை, பேரமும் பேசவில்லை. கதிரையில் இருந்து எழும்பி வந்து ஷிஹாராவின் கன்னத்தைத் தடவினாள்.

"எண்ட பாலக் குடிச்சவள். எங்கிட்டயா மகள் போக்குவரத்துக் காசு கேக்கிறாய்?"

ஷிஹாராவுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற தன் உம்மாவைப் பார்த்தாள். உம்மா ஹவ்வாவும் விளங்காமல்தான் நின்றாள். ஷிஹாரா பிறந்த மூன்றாம் நாள் ஹவ்வா உம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்து புத்தளம் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். அந்தப் பத்து நாளும் பிள்ளை அடுத்த வீட்டு றஹ்மத்திடம்தான் இருந்தது. இது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. என்ன குடித்தது என்று யாரும் கேட்டதில்லை. ஹவ்வா உம்மாவுக்கு அந்த நாட்களில் நினைவே இல்லை.

"ரிஃபாஸுக்கு அப்ப ஆறு மாசம். ஒரு பக்கம் அவன், மத்தப் பக்கம் நீ. அப்ப அவன் ஒனக்கு ஆரு? நானா இல்லயா? நானாட வேன்ல வந்து போறதுக்கு என்னத்துக்குக் காசு?"

மார்க்கத்தில் பால்குடி உறவு கூடப் பிறந்த உறவு போல, அதுவும் மஹ்ரம். பால்குடி நானாவோடு தனியாகவும் பயணம் போகலாம். ஆனால் ஐந்து தடவையாவது வயிறாரக் குடித்திருக்க வேண்டும் என்று ஷிஹாரா மத்ரஸாவில் ஓதும்போது படித்திருந்தாள். எத்தனை தடவை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. உம்மா இல்லாத நேரத்தில் பால் கொடுத்து வளர்த்த ஒருத்தியின் முகத்தைப் பார்த்து, எத்தனை தரம் கொடுத்தீர்கள் என்று எப்படிக் கேட்பது? கேட்காமல் விட்டாள்.

அன்று ஃபஸ்லானிடம் சொன்னபோது அவன் அதைத்தான் முதலில் கேட்டான். ஐந்து தரம் இருக்குமா?

"ஓம்," என்றாள். "அதுக்கு மேல."

பத்து நாளில் ஐந்து தடவை கூடவா குடித்திருக்க மாட்டேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஃபஸ்லானுக்கும் சந்தோஷம். மனைவிக்கு ஒரு நானா கிடைத்திருக்கிறார் என்றான். பதியுதீன் சாச்சாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். அந்த இரண்டு நாளையும் அவளுக்காக ஒதுக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேறு ஆள் சொல்லி வைத்திருந்தாராம். பரவாயில்லை என்றார்.

நிக்காஹ் நாள் காலையில் ரிஃபாஸ் வேனைக் கொண்டுவந்தான். இன்னும் கலியாணம் முடிக்காதவன், நல்ல கதைகாரன். ஷிஹாரா பின்னால் ஏறிக்கொண்டாள்.

"போன கிழம வரைக்கும் எனக்குக் கற்பிட்டியில ஒரு தங்கச்சி இரிக்கிற விசயமே தெரியா," என்றான். "உம்மாட்டக் கேக்கணும், இன்னும் எந்தெந்த ஊர்ல எத்தின பேர் இரிக்காங்க எண்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்று வேலையும் நன்றாக நடந்தது. மருதாணிக் கையும் நகையும் மணப்பெண் குனிந்த மாதிரியும் எல்லாம் அவள் நினைத்தது போலவே வந்தன. மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால், பொழுது சாயும் நேரத்தில், ரிஃபாஸ் அவளைத் தனியாகவே திரும்பக் கொண்டுவந்து விட்டான். தெருவில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். பால்குடி நானா என்று அவளே நின்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சொல்ல அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாம் நாள் வேன் நிறையப் பெண்கள். புத்தளம் உப்பளங்களைத் தாண்டி, வண்ணாத்திவில்லு கழிந்து, எலுவன்குளம் போய்ச் சேர நடுப்பகல், லுஹர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டின் பின்பக்கம் தகரம் இறக்கிப் பெண்களுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே ஷிஹாரா எதிர்பாராத ஒருத்தியைக் கண்டாள். ஃபஸ்லானின் வாப்பாவுக்குத் தங்கை, மர்ஷூதா மாமி. மாப்பிள்ளையின் தாய்க்குத் தெரிந்தவளாம். புத்தளத்தில் மகள் வீட்டில் நின்றவள், அவர்களோடு வந்திருந்தாள். ஊரில் ஒரு கதை ஃபஸ்லானின் காதுக்குப் போவதானால் மர்ஷூதா மாமி வழியாகத்தான் போகும்.

சாப்பாட்டுக்குச் சஹன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். றஹ்மத் உம்மா ஷிஹாராவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினாள். எதிரே றஹ்மத் உம்மாவின் மூத்த சகோதரி, சித்தி மரியம் என்று பேர். அதற்குப் பக்கத்தில் மர்ஷூதா மாமி வந்து உட்கார்ந்தாள். றஹ்மத் உம்மா நல்ல இறைச்சித் துண்டாகப் பிய்த்து ஷிஹாராவின் பக்கம் வைத்தாள்.

"நல்லாத் தின்னு. எண்ட பால்குடி மகள் இது," என்று சுற்றியிருந்தவர்களுக்குச் சொன்னாள்.

சித்தி மரியம் வாயில் இருந்ததை விழுங்கினாள்.

"என்ன பால்? ஒனக்கு அப்ப எங்கடி பால் இரிந்திச்சி?" என்றாள். "ரிஃபாஸுக்கு மூணு மாசத்தில நிண்டு போச்சி. அவன்ட வாப்பா பால்மா வாங்கியே கடனாளியானாரு. போத்தல் கழுவிக் கழுவி எண்ட கையெல்லாம் வெந்து போச்சி."

பெண்கள் சிரித்தார்கள். சித்தி மரியம் கெடுதலாகச் சொல்லவில்லை. கலியாண வீடுகளில் தங்கையைச் சீண்டிச் சிரிக்க வைக்கிறது அவளுக்குப் பழக்கம்.

"சும்மா இரிங்க ராத்தா," என்றாள் றஹ்மத் உம்மா. அவள் ஷிஹாராவைப் பார்க்கவில்லை.

மர்ஷூதா மாமி மட்டும் சிரிக்கவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"அப்ப ஷிஹாரா குடிக்கல்லயா?"

கேள்வி யாருக்கு என்று சொல்லாமல் கேட்டாள். எல்லாரும் ஷிஹாராவைப் பார்த்தார்கள்.

நேற்று மாலை வேனில் தனியாக வந்தது அவள் கண் முன்னால் வந்து நின்றது. தெருவில் நின்று பால்குடி நானா என்று சொன்னதும் வந்தது. ஃபஸ்லானிடம் ஓம் என்றதும் வந்தது. குடிக்கவில்லை என்றால் நேற்றைய பயணம் என்ன? யாரோ ஒரு ஆண், யாரோ ஒரு வேன். இந்தக் கதை இன்று இரவே தோஹாவுக்குப் போய்விடும். ஃபஸ்லான் சத்தம் போட மாட்டான். கெமராவை விற்றுவிடு என்று மெதுவாகச் சொல்வான்.

"குடிச்சன் மாமி," என்றாள். "அஞ்சு தரத்துக்கு மேல குடிச்சன்."

அவ்வளவு பேருக்கு நடுவில் அவள் அப்படி உரத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

சித்தி மரியம் தலையைச் சரித்து அவளைப் பார்த்தாள்.

"சரிதான். மூணு நாள் புள்ளைக்கு என்ன ஞாபகம்," என்றாள்.

மறுபடியும் சிரிப்பு. மர்ஷூதா மாமி ஷிஹாராவின் முகத்தை இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.

மணப்பெண் உடுப்பு மாற்றுகிற அறையில் றஹ்மத் உம்மாவைத் தனியாகப் பிடிக்க முடிந்தது. மணப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். ஷிஹாரா கதவைச் சாத்தினாள். கெமராவைக் கட்டிலில் வைத்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. நான் குடிச்சனா?"

றஹ்மத் உம்மா அலுமாரிக் கண்ணாடியில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எல்லாரும் இரிக்கக்குள்ள நீதானே சொன்னாய், குடிச்சன் எண்டு."

"நீங்க சொன்னதத்தான் சொன்னன்."

"அப்ப என்ன இப்ப?" அவள் திரும்பினாள். முகத்தில் கோபம் இருந்தது, பொய்யான கோபம் இல்லை. "பத்து நாள் ஒன்ன இந்தக் கையில வச்சிரிந்தன். பீ மூத்திரம் அள்ளினன். ராவு ராவா ஒனக்கு நித்திரையில்ல, எனக்கும் நித்திரையில்ல. பாலோ மாவோ, ஒண்டக் கரைச்சி ஊத்தித்தானே உசிரோட ஒங்கும்மாட கையில குடுத்தன்? அதுக்கு ஆரும் எனக்குக் கூலி தந்தாங்களா? நான் கேட்டனா? நான் கணக்குப் பாத்து வளக்கல்ல மகள், ஒன்னப் போல."

ஷிஹாரா கட்டிலில் இருந்த கெமராவை எடுத்தாள். றஹ்மத் உம்மா சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிக்குப் பதில் சொல்ல முடியாததால் மற்றப் பாதியும் தப்பிவிட்டது.

நுரைச்சோலையில் எல்லாரும் இறங்கிய பிறகு கற்பிட்டி வரைக்கும் யாராவது ஒரு பெண் துணைக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

"நானாவோட போறதுக்குத் துணையா? ஒண்ட மாமி கேட்டா என்ன நெனப்பா?" என்று சொல்லிவிட்டு றஹ்மத் உம்மா கதவைத் திறந்தாள்.

ஷிஹாரா ஃபோனை எடுத்துப் பதியுதீன் சாச்சாவின் பேரை எடுத்தாள். அவர் வருவார். இந்தப் பாதையில் அந்தி பட்டால் யானை இறங்கும், அப்படியும் வருவார். வந்ததும், ஏன், நானாவின் வேன் எங்கே என்று கேட்பார். ஓட்டோ வாசலில் நின்றால் மர்ஷூதா மாமியும் கேட்பாள். வாங்கிய கூலி முழுவதையும் சாச்சாவுக்குக் கொடுத்துவிடலாம், அதற்கு அவள் தயார். ஆனால் இனித் தன் காசைப் போட்டுக்கூட அவளால் வேறு வழியில் போக முடியாது. போனால் பொய் வெளியே வந்துவிடும். ஃபோனைப் பையில் போட்டாள்.

அதற்குப் பிறகு பிடித்த படங்கள் ஒழுங்காக வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியாகக் குடும்பப் படம் எடுக்கும்போது றஹ்மத் உம்மா, நீயும் வா, மாமி கெமராவை அமத்தட்டும் என்று மர்ஷூதா மாமியைக் கூப்பிட்டாள். ஷிஹாரா எங்கே அமத்துவது என்று மாமிக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு, றஹ்மத் உம்மாவுக்கும் மணப்பெண்ணுக்கும் நடுவில் போய் நின்றாள். மாமி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சிரி சிரி என்றாள்.

போகும்போது மர்ஷூதா மாமி வேன் வரைக்கும் வந்தாள். ரிஃபாஸைப் பார்த்து, எங்கட புள்ளையப் பாத்துக் கூட்டிக்கொண்டு போங்க மகன் என்றாள். தங்கச்சி தானே மாமி என்றான் அவன். சித்தி மரியமும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தன் பேத்திக்கு ஹஜ்ஜுக்குப் பிறகு கலியாணம், ஷிஹாராதான் படம் பிடிக்க வரவேண்டும் என்றாள். பேத்தி வீடு சிலாபத்தில். ஷிஹாரா விலை சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் றஹ்மத் உம்மா சொல்லிவிட்டாள்.

"அதுக்கென்ன, வேன் இரிக்கி. நானா இரிக்கிறான்."

நுரைச்சோலையில் எல்லாரும் இறங்கினார்கள். ஷிஹாரா கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். வேனுக்குள் திடீரென்று இடம் அதிகமாகிவிட்டது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"அங்க கிடந்து குலுங்காம முன்னுக்கு வந்து இரிங்க தங்கச்சி," என்றான் ரிஃபாஸ்.

பரவாயில்லை என்றாள். அவன் மனதில் ஒரு கள்ளமும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. சொன்னால் அவன் அந்த இடத்திலேயே வேனை நிறுத்திவிடுவான். நிறுத்தினால் நடுவீதியில் அவள் எங்கே போவாள்? சொல்லாவிட்டால், அந்நிய ஆணோடு தனியாக வருகிறோம் என்பதைத் தெரிந்தே வருகிறவள் அவள் ஒருத்திதான். நேற்று தெரியாமல் வந்தது. இன்று அப்படிச் சொல்ல முடியாது.

காற்றாலைகளைத் தாண்டும்போது ஃபஸ்லான் ஃபோன் எடுத்தான். ஆரோட வாறாய் என்று கேட்டான்.

"நானாவோட."

மர்ஷூதா மாமி இப்போதுதான் பேசினாளாம். ஷிஹாரா சபையில் எவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னாள் என்று மெச்சினாளாம். ஃபஸ்லானின் குரல் இவ்வளவு லேசாக இருந்து அவள் கேட்டு வெகு நாள். கெமராவை விற்கிற கதை இனி இல்லை என்றான். நானா இருக்கும்போது தூரத்துக் கலியாணங்களையும் எடுக்கச் சொன்னான், போக்குவரத்துக் காசு என்று சொல்லிச் சனத்தைப் பயமுறுத்தத் தேவையில்லை என்றான். பிறகு, ரிஃபாஸுக்கு ஒரு சலாம் சொல்ல வேண்டும், ஃபோனை அவரிடம் கொடு என்றான்.

அவள் எழும்பி, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து ஃபோனை நீட்டினாள். ரிஃபாஸ் வேனை ஓரமாக நிறுத்தி வாங்கினான்.

"மச்சான்," என்று தொடங்கினான்.

இரண்டு பேரும் வெகு நாள் பழகியவர்கள் போல் சிரித்துப் பேசினார்கள். தங்கச்சியைப் பற்றி யோசிக்க வேண்டாம், நான் இருக்கிறேன், கூலி கீலி என்று வாய் திறக்கக் கூடாது என்றான் ரிஃபாஸ். அந்தப் பக்கம் ஃபஸ்லான் ஏதோ சொல்ல, இவன் குலுங்கிச் சிரித்தான். பெருநாளைக்கு ஊருக்கு வந்தால் நுரைச்சோலைக்குச் சாப்பிட வரவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு ஃபோனைத் திருப்பி நீட்டினான்.

ஷிஹாரா அவனுடைய விரல் படாமல், அந்நியரிடம் வாங்குவது போல, ஃபோனின் ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினாள். அவன் அதைக் கவனித்தான். சிரிப்பு நின்றது. கண்ணாடியில் ஒருமுறை அவளைப் பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்காமல் வேனை எடுத்தான்.